தரைக்குள் ஒரு வெளிச்சம்

தரையில் விளக்குப் பதிப்பது நேற்று வந்த மோஸ்தர் அல்ல. 1845-இலேயே நியூயார்க்கில் தாடியஸ் ஹயாட் என்பவர் இரும்புத் தகட்டில் கண்ணாடி வில்லைகளைப் பதித்துக் காப்புரிமை பெற்றார். நடைபாதை வழியே நிலவறைக்குப் பகல் வெளிச்சம் இறங்கியது. பிரெஞ்சுப் பள்ளியில் கண்ணாடிக் கல்லை 'பாவே த வெர்' என்று படித்தோம்.

பிறகு ஹாலஜன் வந்தது. சூடு அதிகம்; ஆனால் பல்பை மட்டும் மாற்றலாம். 1993-இல் ஜப்பானின் நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைத் தந்தபின் வெள்ளை எல்.இ.டி. பரவியது. சூடு குறைந்தது. ஆனால் தண்ணீர் புகாமல் மூடி அடைத்திருப்பதால், பெரும்பாலும் முழு விளக்கையே மாற்ற வேண்டும்.

எங்கள் சமையலறையில் இரண்டு அணைந்தன. புதியவை பழைய துளைக்குள் இறங்கவில்லை. அறுத்தால் டைல்ஸ் விரிசல் விடும். அதே நிறம் இப்போது கிடைக்காது. புதிதாகப் பதிப்பவர்கள் துளையின் அளவை எழுதி வையுங்கள். நாலு டைல்ஸைப் பரணில் போட்டு வையுங்கள்.