சுடாமல் உறையவைத்த வைத்தியம்

பொடித்த ஐஸில் உப்பைக் கலந்தால் குளிர் சுழியத்துக்கும் கீழே இறங்கும். இந்தக் கலவையைக் கொண்டு புற்றுக்கட்டிகளின் வலியைத் தணித்துவந்த ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னட், 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் தம் கருவியை வைத்தார். 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் மூளை அறுவை நிபுணர் இர்விங் கூப்பர் திரவ நைட்ரஜன் கருவியைச் செய்தபிறகு, உடலின் ஆழத்துக்கும் குளிரைக் கொண்டுபோக வழி பிறந்தது.

1970-களில் அது இதயத்தை எட்டியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் கல்லாகர், வில் சீலி குழுவினர் துடிப்பைத் தாறுமாறாக்கும் மின்பாதைகளை உறையவைத்து அடைத்தார்கள். ஆனால் அதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது. தொடை இரத்தக்குழாய் வழியே கேதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தும் சிகிச்சை 1980-களில் வந்தபோது முந்திக்கொண்டது சூடுதான்: ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் திசுவைப் பொசுக்கும் முறை.

பொசுக்கியதைத் திருப்ப முடியாது. மேலறை மின்சாரத்தைக் கீழறைக்குக் கடத்தும் ஏ.வி. கணுவுக்குப் பக்கத்தில் கைதவறினால், நோயாளிக்கு நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் வைக்க நேரலாம்.

குளிர் இந்த இடத்தில் கைகொடுத்தது. கனடாவின் மான்ட்ரியலில் கிரையோகேத் நிறுவனம் செய்த கேதீட்டரின் நுனிக்குள் திரவ நைட்ரஸ் ஆக்ஸைடு ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். வாயு இரத்தத்தில் கலக்காமல் குழாய் வழியே வெளியேறும். முதலில் சுமார் மைனஸ் 30 டிகிரி வரை குளிரவைத்துப் பார்ப்பார்கள். தவறான இடமென்றால் உடனே நிறுத்தலாம், திசு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சரியான இடமென்றால் மைனஸ் 70 வரை இறக்குவார்கள். ஐஸ் டிரேயில் ஈரவிரல் ஒட்டுவதுபோல நுனி திசுவோடு ஒட்டிக்கொள்வதால், இதயம் துடித்தாலும் நழுவாது.

இதற்கிடையே, 1998-இல் பிரான்சின் போர்தோ நகரத்து மிஷேல் ஐசாகேர் குழு, இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின் ஊற்றுக்கண்ணைக் காட்டியது. அந்தத் துடிப்பைக் கிளப்புவதாக ஆராய்ந்த 69 மையங்களில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. புள்ளிபுள்ளியாகச் சுடுவதற்குப் பதில் சிரைவாயில் பலூனை விரித்து வட்டமாக உறையவைக்கலாமே என்ற யோசனை 'ஆர்க்டிக் ஃப்ரண்ட்' ஆனது. 2008-இல் மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ரானிக், அதைச் செய்த கிரையோகேத்தை வாங்கியது. 2010 டிசம்பரில் பலூனுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

குளிருக்கும் ஆபத்துண்டு. வலப்பக்கச் சிரைகளை ஒட்டி உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 11 சதவீதச் சிகிச்சைகளில் அது செயலிழந்தது. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் சரியானது. இந்த ஆபத்தைத் தவிர்க்க, நரம்பை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே, ஒருவர் நோயாளியின் வயிற்றில் கைவைத்திருப்பார். உதரவிதானத்தின் உதைப்பு தளர்ந்தால் அந்தக் கணமே உறையவைப்பது நிற்கும்.

2016-இல் 762 நோயாளிகளிடம் சூட்டையும் குளிரையும் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டும் ஏறக்குறையச் சமம் என்றே தெரிந்தது. 2021-இல் மருந்துக்கு முன்பே பலூனைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது. 2023 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்ற மின்புலத் துடிப்பு முறை, சுடாமலும் உறையவைக்காமலும் செல்களைத் துளைக்கிறது. முதலில் அனுமதி பெற்ற அந்தக் கருவியும் மெட்ரானிக் செய்ததே.