கிளைடர் பிறந்த கதை

கணிதவியலாளர் ஜான் கான்வே கேம்பிரிட்ஜில் ‘லைஃப்’ விளையாட்டுக்கு விதி வகுத்தபோது அவருக்கு உதவியது ‘கோ’ பலகையும் அதன் காய்களும்தான். காய் இருக்கும் கட்டம் உயிருள்ளது. உயிருள்ள கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும், இல்லையேல் சாகும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். விதி அவ்வளவுதான். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் அதைப் பொருத்தினால் ஒரு தலைமுறை.

அறுபதுகளின் இறுதி அது. ஐந்தே காய்களில் தொடங்கிக் கண்டபடி பெருகும் ‘ஆர் பென்டோமினோ’வைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தவர்களில் கணிதவியலாளர் ரிச்சர்ட் கையும் ஒருவர். அலுப்பூட்டும் வேலை, ஒரு காய் தவறினாலும் பிறகு வருவதெல்லாம் பிழை. அந்தக் களேபரத்திலிருந்து ஒரு துண்டு கழன்று தனியே நடந்துபோவதை முதலில் கண்டவர் அவர்தான். அதுதான் கிளைடர்.

கீழ்வரிசையில் மூன்று காய்கள், அதற்கு மேல் வலது ஓரத்தில் ஒன்று, உச்சியில் நடுவே ஒன்று. நான்கு தலைமுறை கழிந்தால் அதே உருவம் வலப்பக்கம் ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் தள்ளி நிற்கும். இதில் எந்தக் காயும் நகரவில்லை என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பழையவை சாகின்றன, பக்கத்தில் புதியவை பிறக்கின்றன; பயணம் போவது உருவம் மட்டும்.

1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இந்த விளையாட்டை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். முடிவில்லாமல் வளரும் வடிவம் உண்டா என்ற கேள்விக்கு கான்வே 50 டாலர் பரிசு வைத்திருந்தார். அடுத்த மாதமே எம்.ஐ.டி.யில் பில் கோஸ்பர் குழு கம்ப்யூட்டரின் துணையோடு விடை கண்டது: 30 தலைமுறைக்கு ஒருமுறை ஒரு கிளைடரை உமிழும் துப்பாக்கி.

பரிசு வளர்ச்சிக்காகத் தரப்பட்டது. ஆனால் உண்மையில் கிடைத்தது ஒரு கடிகாரம் என்பேன். சீரான இடைவெளியில் கிளைடர் வந்தால் 1, வராவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியின் வரிசைக்குக் குறுக்கே செய்தி தாங்கிய இன்னொரு வரிசையை விட்டுப் பாருங்கள். தக்கபடி மோதும் இரு கிளைடர்கள் தடயமில்லாமல் அழியும். செய்தியில் 1 இருந்த இடத்தில் துப்பாக்கியின் கிளைடர் மடியும். 0 இருந்த இடத்தில் தப்பிப் போகும். எதிர்ப்பக்கம் வருவது தலைகீழான செய்தி, அதாவது ‘இல்லை’ என்னும் தர்க்க வாயில். மற்ற வாயில்களும் இவ்வழியே அமைந்தன. லைஃபுக்குள் எந்தக் கணக்கையும் போட முடியும் என்ற நிரூபணம் 1982-இல் நூலாக வந்தது. அதன் மூன்று ஆசிரியர்களில் கான்வேயும் ரிச்சர்ட் கையும் இருவர். 2000-இல் பால் ரெண்டல் லைஃபுக்குள், கணினியின் கோட்பாட்டு மாதிரியான டூரிங் இயந்திரம் ஒன்றையே கட்டி ஓடவிட்டார்.