செதுக்கோவியச் சேகரிப்பும் மூன்று கலைச்சொற்களும்

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் எச்சிங் எனப்படும் அமிலச் செதுக்கோவியக் கலை மறுமலர்ச்சி பெற்றது. பாரிசில் பதிப்பாளர் அல்பிரெத் கதார் 1862இல் செதுக்கோவியர் சங்கத்தைத் தொடங்கினார். அது 1867 வரை இயங்கியது. கலைஞர்களோடு சேகரிப்பாளர்களும் பெருகினர். அரிய படிகளை இனங்காண அவர்களுக்குத் துல்லியமான சொற்கள் தேவைப்பட்டன. அச்சொற்களுள் மூன்றினைத் தொழில்முறை அறியாது பெயர்த்தால் வரலாற்றுச் சான்றே திரிந்துவிடும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. நிலை

செப்புத் தகட்டில் மெழுகுக் கலவை பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய கோடுகளை அமிலம் அரிக்கும். அக்கோடுகளில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி அச்சிடுவர். சில படிகள் எடுத்தபின் கலைஞர் தகட்டைத் திருத்தி மீண்டும் அச்சிடலாம். அவ்வாறு திருத்தப்பட்ட ஒவ்வொரு கட்டமும் பிரெஞ்சில் 'எத்தா' எனப்படும்.

சார்ல் மெரியோன் (1821-1868) 1854இல் செதுக்கிய 'போன்தோஷான்ஷ்' பாலக் காட்சி இதற்குச் சிறந்த சான்று. முந்தைய நிலைகளில் வானில் 'நம்பிக்கை' எனப் பொருள்படும் இத்தாலியப் பெயர் தாங்கிய ஒரு பலூன் காணப்படும். பின்னர் அது அகற்றப்பட்டுப் பறவைக் கூட்டம் இடம்பெற்றது. அதன்பின் பறவைகளும் நீங்கிப் பல பலூன்கள் தோன்றின. தகடு ஒன்று, வானம் மூன்று.

'எத்தா'வை 'நிலை' எனல் பொருந்தும். ஆயினும் தமிழில் 'முதல்நிலை', 'இரண்டாம்நிலை' என்பன தரத்தையும் சுட்டுவன. கால வரிசை தர வரிசையாக மயங்காதிருக்க, 'தகட்டு நிலை' எனல் தக்கது.

3. படி

'எப்ரூவ்' என்னும் பிரெஞ்சுச் சொல் சோதனைக்காக எடுத்த தாளையும் குறிக்கும். முடிவுற்ற தகட்டிலிருந்து எடுத்த எந்தத் தாளையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் 'புரூஃப்', 'இம்ப்ரெஷன்' என வெவ்வேறு சொற்கள் உள. பிலிப் பியூர்த்தி 1863இல் 'கஸெத் தே போசார்' இதழில் மெரியோனின் படைப்புகளைப் பட்டியலிட்டார். அவர் நூலை மார்க்கஸ் ஹுயிஷ் 1879இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இத்தகைய பெயர்ப்பில் இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தேர்வதைத் தவிர்க்க இயலாது.

தமிழில் 'மெய்ப்பு' என்பது பிழைதிருத்தத்திற்குரியது. 'எப்ரூவ்' வருமிடமெல்லாம் அதனை ஆள்வோமாயின், நிறைவுற்ற ஓவியமும் முற்றுப்பெறாத ஒன்றாகிவிடும். 'அச்சுப்படி' எனப் பொதுப்படவும், 'சோதனைப்படி' எனச் சிறப்பாகவும் வழங்குதல் நன்று. ஒகுஸ்த் தெலாத்ர் போன்ற அச்சாளர் தகட்டின் மேற்பரப்பில் மையை மென்படலமாக விட்டுவைத்தமையால் ஒரே நிலையின் படிகளும் தம்முள் வேறுபட்டன. சேகரிப்பாளர் ஓவியத்தை மட்டுமன்றிக் குறிப்பிட்ட படியையும் தேடியது இதனாலேயே.

4. எழுத்துக்கு முன்

தகட்டின் அடியில் தலைப்பும் பெயர்களும் பொறிக்கப்படுமுன் எடுத்த படி 'அவான் லா லெத்ர்' எனப்பட்டது. 'எழுத்துக்கு முன்' என்பது இதன் நேர்ப்பொருள். இம்மறுமலர்ச்சிக்கு முன்னரே அச்சோவிய உலகில் வழங்கிய இத்தொடர் பின்னர்ப் பொதுவழக்கிற் புகுந்தது. இன்று ஓர் இயக்கத்திற்குப் பெயர் தோன்றுமுன்னரே அதன் இயல்பினராய் இருந்தவரையும் இத்தொடர் குறிக்கிறது. பொதுவழக்கில் இதனை 'எழுத்தறிவுக்கு முந்திய' எனப் பெயர்த்தல் பெரும்பிழை. 'பெயர் பெறுமுன்னரே' என்பதே கருத்து.

பட்டியல்களிலும் எச்சரிக்கை வேண்டும். மெரியோனின் 'லெ ஸ்திரிஜ்' ஓவியத்தில் ஒரு கட்டத்தில் பொறிக்கப்பட்டிருந்த ஈரடிச் செய்யுள் பிந்தைய நிலைகளில் நீக்கப்பட்டது. ஆகவே செய்யுள் இன்மை ஒன்றே பழமைக்குச் சான்றாகாது. இல்லாதது இன்னும் பொறிக்கப்படாததா, பொறித்துப் பின் அழிக்கப்பட்டதா என்பதைப் பெயர்ப்பும் தெளிவுபடுத்த வேண்டும்.

5. முடிவுரை

சாமுவேல் ஏவரி 1900இல் 17,000க்கும் மேற்பட்ட அச்சோவியங்களை நியூயார்க் பொது நூலகத்திற்கு வழங்கினார். இத்தகைய தொகுதிகளை நேரிற் காணாதோர் பட்டியற் குறிப்புகளைக் கொண்டே அவற்றை அறிகின்றனர். அவர்களுக்குச் சொல்லே சான்று. எனவே கலைச்சொல்லாக்கம் அகராதியில் மட்டுமன்றிப் பட்டறையிலும் தொடங்குதல் வேண்டும்.