மூன்றாவது ஊசியின் விலை

2021 மார்ச் 1 அன்று, 45 முதல் 59 வயது வரையுள்ள இணைநோயாளிகளுக்கும் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. ஒன்றிய அரசின் 20 நோய்ப் பட்டியலில் இரத்தப் புற்றுநோயும் இருந்தது. அதே நோயுள்ள முப்பது வயதுக்காரரோ மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரத்தப் புற்றுநோயாளிகளில் பலருக்கு இரண்டு ஊசி போட்டும் போதிய எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. அதனால் பிரிட்டன் 2021 செப்டம்பரிலேயே மூன்றாவது ஊசியைப் பரிந்துரைத்தது. இங்கே அறுபது வயதுக்குக் குறைந்த பொதுமக்களுக்கு அது 2022 ஏப்ரல் 10இல்தான் வந்தது. அதுவும் தனியாரிடம், காசுக்கு. ஊசி 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 வரை. முகையூர் ஒன்றியத்துச் சேரிப் பெண்ணுக்கு அப்போது நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி அதிகபட்சம் 281 ரூபாய். ஜூலை 15இல் இலவசமானது, 75 நாட்களுக்கு மட்டும்.

ஏழைகள் ஊசிக்குத் தயங்கினார்கள் என்பவர்கள் இந்தத் தேதிகளைப் பார்க்கட்டும். தயங்கியது யார்?