துரை கற்ற இரண்டு மொழிகள்

இசபெல்லா பேர்ட் 1879 ஜனவரியில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என்று ஏறக்குறைய ஐந்து வாரம் சுற்றினார். யானை மேலேறி கோலகங்சார் போனார். அங்கே ரெசிடெண்ட் ஹியூ லோவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருக்குத் துணையாக உட்கார்ந்தவை இரண்டு குரங்குகள். தங்கைக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1883இல் அவர் கொண்டுவந்த புத்தகத்தை இன்றைக்கும் சலிக்காமல் படிக்கலாம். கண் அப்படி. கடனுக்காக மனிதர்களை அடிமையாக வைத்திருந்த பேராக் வழக்கத்தைக்கூட அவர் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் போன இடமெல்லாம் அவரை வரவேற்றது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீடுதான். அவர் கேட்ட மலாயாவும் பெரும்பாலும் அந்த வீடுகளில் பேசப்பட்ட மலாயாதான்.

நாற்பது வருஷம் கழித்து வந்த சாமர்செட் மாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1921இல் வந்தார், கிளப்புகளிலும் துரைமார் வீடுகளிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 1911இல் கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒருவனைச் சுட்டுக்கொன்ற வழக்கு அவர் கையில் கதையாகி, நாடகமாகி, சினிமாவும் ஆனது. உபசரித்தவர்களுக்கு அவர்மேல் கடுங்கோபம். அந்தக் கதைகளில் மலாய்க்காரர் தட்டேந்தி வருவார், போவார். தமிழருக்கு அந்த வேலைகூடக் கிடையாது.

இவர்கள் இருவருக்கும் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரை நிறுத்திப் பார்க்கலாம். ஆன்றி ஃபோகோனியே. பேர்ட் இங்கே யானையேறிய அதே 1879இல் பார்பெசியே என்ற சிற்றூரில் பிறந்தவர். இங்கிலாந்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, போர்னியோவில் சவ்வரிசி பயிரிட்டால் காசு கொட்டும் என்று பத்திரிகையில் படித்ததும் ஆசை வந்துவிட்டது. 1905இல் கப்பலேறினார். வழியில் சிங்கப்பூரில் ரப்பர் பேச்சு காதில் விழ, போர்னியோவை மறந்து கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பழகினார். பிறகு கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ரந்தாவ் பாஞ்சாங்கில் சொந்தமாகக் காடு வெட்டினார். ஊர் பார்க்க வந்தவர்கூட இல்லை, பணம் பார்க்க வந்தவர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயணி என்றால் தூய மனசோடு கிளம்புகிறவன் என்று நமக்கு ஒரு நினைப்பு.

தோட்டம் போட்டவர் ஐந்து வாரத்தில் கிளம்ப முடியாது. கித்தா மரம் பால் கொடுக்கவே ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை மழையும் காய்ச்சலும், ஆள் பற்றாக்குறையும் கணக்கு வழக்கும்தான். சுற்றுலா வந்தவருக்கு அழகாகத் தெரியும் மழை, பால் வெட்டு நின்றுபோன காலையில் வேறொன்றாகத் தெரியும். மொழி தெரியாமலும் காலந்தள்ள முடியாது. ஃபோகோனியே மலாயும் கற்றார், தமிழும் கற்றார். முதல் உலகப்போர் அவரை பிரான்சுக்கு இழுத்துக்கொண்டு போனது. பிறகு திரும்பினார், மறுபடி கிளம்பினார். கடைசியில் துனிசியாவில் குடியேறி அங்கே உட்கார்ந்துதான் 'மலேசி' நாவலை எழுதி முடித்தார். 1930இல் அதற்கு பிரான்சின் கொன்கூர் விருது கிடைத்தது. வந்து இறங்கியதற்கும் புத்தகத்துக்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம்.

நாவல் முழுக்க மலாய் பந்துன்கள். அவை அலங்காரத்துக்கு ஒட்டியவை அல்ல. கதாபாத்திரங்கள் யோசிப்பதே அந்தக் கவிதைகளின் வழியாகத்தான். வீட்டு வேலைக்கு இருக்கும் மலாய் இளைஞன் ஸ்மாயில் கதையின் மையத்துக்கு நகர்ந்து வருகிறான். கடைசியில் அவன் 'அமோக்' வெறிக்கு ஆளாவதை ஒரு விசித்திரமாகக் காட்டாமல், உள்ளிருந்து புரிந்துகொள்ளப் பார்க்கிறது நாவல். ஐந்து வாரப் பயணிக்கு இது கைகூடியிருக்காது.

சரி, தமிழர்கள்? இருக்கிறார்கள். பழனியாயி என்றொரு தமிழ்ப்பெண் வருகிறாள், கதை சொல்லும் துரையோடு அவளுக்கு உறவு. ஆனால் ஸ்மாயிலுக்குக் கிடைத்த உள்மனசு அவளுக்கு இல்லை. மற்ற தமிழர்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் தெரிகிறார்கள்.

நான் இதை இப்படி வாசிக்கிறேன்: ஃபோகோனியே மலாயை ஓய்வு நேரத்தில் கற்றார், தமிழை வேலை நேரத்தில் கற்றார். துரைமார் பழகிய தமிழ் பெரட்டுக் களத்துத் தமிழ். வா, போ, வெட்டு, தூக்கு. பதில் எதிர்பார்க்காத தமிழ். கூட உட்கார்ந்து பாட்டுச் சொன்னவர்கள் மலாய்க்காரர்கள். லயத்துக்குள் இராத்திரி ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டிருக்கும்தான், ஆனால் அங்கே போய் உட்கார துரைக்கு இடமில்லை. அவர் வந்தபோது ஒப்பந்தக்கூலி முறையே இன்னும் ஒழியவில்லை, 1910இல்தான் அதற்குத் தடை வந்தது. சம்பளம் போடுகிறவனிடம் எந்தத் தாத்தா மனசைத் திறந்து பேசியிருப்பார்? நீண்டகாலம் வாழ்ந்தால் சுற்றுலாக்காரன் பயணியாவான் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊரில் யாருக்கும் கீழே, அல்லது யாருக்காவது சமமாக, கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே மனிதர் ஒரு மொழியில் பயணியாகவும் இன்னொரு மொழியில் துரையாகவும் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஃபோகோனியேயை விடப் பல மடங்கு காலம் இங்கே வாழ்ந்தவர்களை யாரும் பயணி என்று எழுதியதில்லை. 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய்விரித்துப் படுத்து வந்தவர்கள் குடிநுழைவுக் கணக்கில் கூலிகள். அவர்கள் புத்தகம் எழுதவில்லை, நாக்கில் எழுதினார்கள். மலாய்க்காரர் 'கெத்தா' என்றதைக் 'கித்தா' ஆக்கினார்கள். சந்தையைப் 'பசார்' என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினருக்கு விளங்காத ஒரு தமிழ் இரண்டு தலைமுறைக்குள் உருவானது.

ஃபோகோனியேயின் நாவலை விட நம்மிடையே நிலைத்தது அவருடைய இன்னொரு காரியம். 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டவர் அவர்தான். இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கிறது. செம்பனைத் தோட்டம்தான், பெயர் மட்டும் தென்னமரம்.