எண்பது நாட்களில் உலகம்: மைக்கேல் பேலினின் தொலைக்காட்சிப் பயணம் (1988)

விமானத்தில் ஏறாமல் எண்பது நாட்களுக்குள் உலகைச் சுற்றி வர முடியுமா என்று சோதித்துப் பார்த்த ஒரு பயணத்தைப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் (பிபிசி) ஏழு பகுதிகள் கொண்ட தொடராக 1989 அக்டோபர் 11 முதல் ஒளிபரப்பியது. பயணம் செய்தவர் நகைச்சுவை நடிகர் மைக்கேல் பேலின். பயணம் 1988 செப்டம்பர் 25 அன்று இலண்டனில் தொடங்கி, டிசம்பர் 12 அன்று அங்கேயே முடிந்தது. பிற்காலப் பயண நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்த தொடர் இது. கடற்பயணத்தின் வரலாற்றில் ஏற்பட்ட ஒரு பெரிய மாற்றத்தையும் இது தற்செயலாகப் பதிவு செய்துவிட்டது. சென்னைத் துறைமுகத்துக்கும் அந்தப் பதிவில் ஓர் இடம் உண்டு.

கதையும் உண்மையும்

இந்தப் பயணத்தின் மூலம் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1872 இல் எழுதிய புதினம். அதன் நாயகன் பிலியஸ் ஃபாக், இலண்டன் ரிஃபார்ம் மன்ற நண்பர்களிடம் 20,000 பவுண்டு பந்தயம் கட்டி, பாஸ்பார்த்து என்ற பணியாளுடன் புறப்படுகிறான். அவனது கணக்கு மிகத் துல்லியமானது. இலண்டனிலிருந்து சூயஸ் 7 நாள், அங்கிருந்து பம்பாய் 13, கல்கத்தா 3, ஹாங்காங் 13, யோக்கோகாமா 6, சான் பிரான்சிஸ்கோ 22, நியூயார்க் 7, மீண்டும் இலண்டன் 9. கூட்டினால் சரியாக 80.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 1869 இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை முடிந்தது. 1870 இல் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன. (அப்படியிருந்தும் கதையில் பாதை பாதியில் நின்றுவிடும், ஃபாக் யானை வாங்கிச் சவாரி செய்வான். யானை இல்லாத இந்தியாவை வெர்னின் வாசகர்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள் போலும்.) 1889 நவம்பரில் அமெரிக்கப் பெண் பத்திரிகையாளர் நெல்லி பிளை இந்தக் கணக்கை நேரில் சோதிக்கப் புறப்பட்டார். கொழும்பில் கப்பலுக்காக ஐந்து நாட்கள் காத்திருந்தும், 72 நாட்களில் நியூயார்க் திரும்பினார்.

நூறு ஆண்டு கழித்து, சில மணி நேரத்தில் கண்டம் தாவும் காலத்தில், அதே பயணம் எளிதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அப்படி இல்லை என்பதுதான் இத்தொடர் காட்டிய முதல் உண்மை.

பேலினுக்கு முன்

பயணத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் வழக்கம் பிரித்தானியாவில் 1950 களிலேயே வேரூன்றியிருந்தது. இளைஞர் டேவிட் அட்டன்பரோ 1954 இல் தொடங்கிய தொடரில், இலண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்காக அரிய விலங்குகளைத் தேடித் தொலைநாடுகளுக்குச் சென்றார். பின்னர் ஆலன் விக்கர் வந்தார். நேர்த்தியான மேலுடை, தடித்த கண்ணாடி, செல்வர்களிடமும் சர்வாதிகாரிகளிடமும் கூசாமல் கேட்கும் கேள்விகள் என அவருக்கென்று ஒரு பாணி இருந்தது. எங்கே போனாலும் விக்கர் விக்கராகவே இருந்தார். ஊர்தான் அவருக்குப் பின்னணியாக மாறிக்கொண்டிருந்தது.

பேலின் இந்த வரிசையில் சேரக்கூடியவர் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1943 இல் ஷெஃபீல்டு நகரில் பிறந்த அவர், மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவின் உறுப்பினராகவே அறியப்பட்டிருந்தார். 1980 இல் பிபிசி எடுத்த உலக ரயில் பயணங்கள் தொடரில் ஒரு பகுதி மட்டும் அவருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் பல்வேறு கண்டங்களுக்குப் போக, பேலின் தன் நாட்டுக்குள்ளேயே இலண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கைல் ஆஃப் லோக்கல்ஷ் வரை சென்றார். சிறுவயதில் ரயில் எண்களைக் குறித்து வைக்கும் பழக்கம் உடையவர் அவர். பயண முடிவில் அந்த நிலையத்தின் நீண்ட பெயர்ப் பலகையை விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டே ஊர் திரும்பினார். அறிவுரை சொல்லாமல், தன்னைத்தானே கேலி செய்துகொண்டு, எதிரே இருப்பவரைப் பேசவிடும் பேலினின் முறை அந்த உள்நாட்டுப் பயணத்திலேயே தெரிகிறது.

ஆனாலும் உலகப் பயணத்துக்கு அவர் முதல் தேர்வு அல்லர். விக்கர் உள்ளிட்ட சிலர் மறுத்த பிறகே வாய்ப்பு அவரிடம் வந்தது.

நிபந்தனைகள்

நிபந்தனைகள் இரண்டே. விமானம் கூடாது. இயன்றவரை ஃபாக் சென்ற வழியே செல்ல வேண்டும். உடன் வந்த ஐவர் கொண்ட படப்பிடிப்புக் குழுவுக்குப் பேலின் "பாஸ்பார்த்து" என்று ஒட்டுமொத்தமாகப் பெயர் வைத்தார். இது வெறும் வேடிக்கை அன்று. தனியாக அலைவதுபோல் நடிக்கும் பயண நிகழ்ச்சிகள் ஏராளம். கருவிப் பெட்டிகளும் உதவியாளர்களும் அவற்றில் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். இங்கே குழு இருப்பது பார்வையாளருக்கு முதலிலேயே சொல்லப்பட்டது. அந்த நேர்மை இத்தொடருக்குப் பெரும் வலிமை.

தொடக்கத்திலேயே தடங்கல். புகழ்பெற்ற ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஆடம்பரமாகக் கிளம்பியவர், இத்தாலி ரயில்வே வேலைநிறுத்தத்தால் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இறங்கிப் பேருந்தில் வெனிஸ் போக நேர்ந்தது. வெனிஸில் குப்பை அள்ளும் படகில் ஒரு வேலையும் செய்து பார்த்தார். எகிப்தைக் கடந்து செங்கடல் வழியே ஜித்தா சென்றவருக்கு, அதன் பிறகு இந்தியாவுக்கு ஏற்ற கப்பல் கிடைக்கவில்லை. எனவே அரேபியத் தீபகற்பத்தைத் தரைவழியே கடந்து துபாய் சேர்ந்தார். ஃபாக் கனவிலும் நினைத்திராத வழி இது. நாட்கள் கரைந்துகொண்டிருந்தன.

மரக்கலத்தில் ஒரு வாரம்

துபாயிலிருந்து பம்பாய் வரை அவருக்குக் கிடைத்தது "அல் ஷர்மா" என்ற மரக்கலம். அரபிக்கடலில் "தௌ" என்றும், மலபாரில் "உரு" என்றும் அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. தூத்துக்குடித் தோணியைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. மாலுமிகள் பெரும்பாலும் குஜராத்தியர். பயணிகளுக்கென்று அறை கிடையாது. சரக்கின் மேலேயே படுக்கை. கழிப்பறை என்பது கடலுக்கு மேலே தொங்கிய ஒரு மரப்பெட்டி. அந்த நேரம் பார்த்துப் பேலினுக்கு வயிற்றுப்போக்கும் வந்தது.

ஏறத்தாழ ஒரு வாரம் கலம் மெல்ல ஊர்ந்தது. காட்டுவதற்குக் காட்சிகளே இல்லை. கடல், சமையல், தூக்கம், மீண்டும் கடல். வழக்கமான நிகழ்ச்சியாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் தாண்டியிருப்பார்கள். ஆனால் இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு முழுப் பகுதியே ஒதுக்கப்பட்டது. தொடரில் மிகச் சிறந்ததும் அதுவே. பேலினும் மாலுமிகளும் பொது மொழி இல்லாமலே பழகினார்கள். ஒரு மாலுமியின் காதில் தன் வாக்மேனை மாட்டி, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ராக் இசையைக் கேட்க வைத்தார் பேலின். அவர் முகம் மலரும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. பம்பாயில் பிரியும்போது, மாலுமிகளின் உழைப்பில் பயணம் செய்தோம், ஆனால் இனி அவர்களைச் சந்திக்கப் போவதில்லை என்ற உணர்வு அவரைக் கலங்க வைத்தது.

பயண நிகழ்ச்சியின் இலக்கணம் இங்கேதான் மாறியது என்று சொல்லலாம். அதுவரை ஊரைக் காட்டுவதே பயணம். இங்கே உடன் வரும் மனிதர்களே பயணம் ஆனார்கள். அந்த வாரத்தில் குழுவினரால் இறங்கி ஓட முடியாது. விடுதி அறைக்குள் ஒதுங்கவும் முடியாது. மாலுமிகள் சமைத்ததைத்தான் உண்ண வேண்டும். காட்டுபவரும் காட்டப்படுபவரும் ஒரே பலகையில் உட்கார வேண்டிய நிலை.

இதனோடு ஒப்பிட்டால் இந்தியத் தரைப்பகுதி சற்றே ஏமாற்றம். தெரு நாவிதர், சோதிடர் என்று வெளிநாட்டார் வழக்கமாகத் தேடும் இந்தியாவே அதில் மிகுதி. பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த ரயில் பயணத்தில் மட்டும் பழைய ரயில் பித்தரைப் பார்க்க முடிகிறது.

சென்னைத் துறைமுகத்தில்

ஃபாக் கல்கத்தாவுக்குப் போனான். பேலின் சென்னைக்கு வந்ததற்குக் காரணம் சிங்கப்பூர் செல்லும் கப்பல். ஒரு காலத்தில் இது கவலைப்பட வேண்டிய செய்தியே அன்று. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு "ரஜூலா" கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்று வந்தது. மலாயா போய் வந்த தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயரை அறியாதவர் குறைவு. அதன் பிறகு "சிதம்பரம்" கப்பல் அந்த வழியில் ஓடியது. 1985 இல் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் சென்னை - சிங்கப்பூர் பயணிகள் கப்பல் சேவை முடிவுக்கு வந்தது.

பேலின் வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிப் போகக்கூடிய கப்பல் எதுவும் இல்லை. கடைசியில் "சுசாக்" என்ற யுகோஸ்லாவியச் சரக்குக் கப்பல் இடம் கொடுத்தது. அதிலும் முழுக் குழுவுக்கும் இடமில்லை. (அந்தக் கப்பல் பறக்கவிட்ட கொடிக்குரிய நாடே அடுத்த மூன்று ஆண்டுகளில் சிதறத் தொடங்கிவிட்டது.) சிங்கப்பூரில் அவசர அவசரமாக விசைப்படகில் சென்று, ஹாங்காங் போகும் கொள்கலக் கப்பலைப் பிடித்தார்.

1872 இல் ஒரு கனவான் கப்பல் அட்டவணையைப் புரட்டி உலகைச் சுற்றத் திட்டமிட முடிந்தது. 1988 இல் அந்த அட்டவணையே இல்லை. 1958 இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பயணிகள் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. 1956 இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளுடன் தொடங்கி வைத்த கொள்கலப் போக்குவரத்து, சரக்குக் கப்பலின் தன்மையையும் மாற்றியது. துறைமுகத்தில் நாட்கணக்கில் நின்ற கப்பல்கள் மணிக்கணக்கில் கிளம்பின. உலகம் வேகமானது உண்மை. ஆனால் அந்த வேகம் விமானத்தில் இருந்தது, அல்லது பெட்டிகளுக்கு இருந்தது. நீரில் செல்ல விரும்பும் மனிதருக்கு இல்லை.

ஷாங்காயிலிருந்து யோக்கோகாமாவுக்குப் பயணிகள் கப்பல் கிடைத்தது. பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் கொள்கலக் கப்பல்களிலேயே கடந்தார். அவர் வந்திறங்கிய கலிபோர்னியாவின் லாங் பீச்சில், ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த "குயின் மேரி" பயணிகள் கப்பல், ஓட்டம் நின்று, மிதக்கும் விடுதியாகக் கட்டப்பட்டுக் கிடந்தது. அமெரிக்காவை ரயிலில் கடக்கையில், கொலராடோவில் வெப்பக்காற்றுப் பலூனிலும் ஏறிப் பார்த்தார். வெர்னின் புதினத்தில் பலூன் பயணமே கிடையாது என்பதைப் பலரும் அறிவதில்லை. அது 1956 இல் வந்த திரைப்படம் சேர்த்தது.

முடிவில் 79 நாள் 7 மணி நேரத்தில் இலண்டன் திரும்பினார். ஃபாக்கின் இலக்குக்குள் ஒரு நாள் கூட மிச்சமில்லை. நெல்லி பிளையை விட ஏழு நாள் கூடுதல். ரிஃபார்ம் மன்றம் குழுவினரைப் படமெடுக்க உள்ளே விடவில்லை. எனவே உலகப் பயணம் வாசற்படியிலேயே முடிந்தது.

அதன் பிறகு

தொடரும், அதே பெயரில் பேலின் எழுதிய நூலும் பெரு வெற்றி பெற்றன. 1991 இல் வட துருவத்திலிருந்து தென் துருவம் நோக்கிப் புறப்பட்டார். அவர் சோவியத் ஒன்றியத்தைக் கடந்த சில நாட்களிலேயே அங்கு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. பசிபிக் கரை நாடுகள், சகாரா (2002), இமயமலை (2004) என்று தொடர்கள் நீண்டன. அவர் சென்ற இடங்களுக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருகியதால் "பேலின் விளைவு" என்ற சொல்லே உருவானது. அமைதியான ஊர்களை அன்போடு காட்டியதே அந்த அமைதிக்குக் கேடாகவும் முடியலாம் என்ற சங்கடம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 2009 முதல் 2012 வரை அரச புவியியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 2019 இல் சர் பட்டம் பெற்றார். விமானம் ஏறக்கூடாது என்ற நிபந்தனையைப் பிபிசி அதே 2019 இல் ஒரு போட்டி நிகழ்ச்சியாக்கி, போட்டியாளர்களை இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பியது.

2008 இறுதியில் ஒளிபரப்பான ஒரு சிறப்பு நிகழ்ச்சிக்காகப் பேலின் மீண்டும் இந்தியா வந்தார். இம்முறை விமானத்தில் வருவதற்குத் தடையில்லை. நாள் கணக்கும் இல்லை. அவர் தேடியது அல் ஷர்மா மாலுமிகளை. குஜராத்தின் கட்ச் பகுதியில், இன்றும் மரக்கலம் கட்டும் மாண்டவி என்ற துறைமுக ஊரில், அவர்களில் சிலரை இருபது ஆண்டுகளுக்குப் பின் கண்டுபிடித்துச் சந்தித்தார்.