வலையைக் காக்கும் பலகை



மேனாடுகளில் குதிரை வண்டி ஓடிய காலத்தில், ஓட்டுபவரின் காலுக்கு முன்னே ஒரு பலகையை நிறுத்தி வைப்பார்கள். குதிரை விரைந்து ஓடும்போது அதன் குளம்புகள் வாரி இறைக்கும் சேறு, வண்டியில் இருப்போர் மேல் தெறிக்காதபடி அப்பலகை தடுக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'டாஷ்போர்டு' என்று பெயர். மோட்டார் வண்டி வந்தது, குதிரை போயிற்று. ஆயினும் பலகை போகவில்லை. வேகம் காட்டும் முள்ளும் எண்ணெயின் அளவு காட்டும் முள்ளும் அதன்மேல் ஏறி அமர்ந்தன. சேற்றை மறைப்பதற்காக வைத்த பலகை, உண்மையைக் காட்டுவதற்கான பலகையாயிற்று. இப்பெயர் இன்று மூன்றாம் பிறவி எடுத்திருக்கிறது. நூறு ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் இணைக்கும் விரிபரப்பு வலையமைப்பு நலமாக இருக்கிறதா என்பதை, ஓரிடத்தில் இருந்தபடியே காட்டும் கண்ணாடித் திரைக்கும் டாஷ்போர்டு என்றே பெயர். பச்சைப் புள்ளி என்றால் நலம். சிவப்புப் புள்ளி என்றால் கேடு. அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் தொழிலாகப் பல ஆண்டுகள் இருந்தது. ஆகவே, அப்பலகையின் வரலாற்றை நான் அறிந்த அளவில் உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

வரலாறு 1969-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு 'அர்ப்பாநெட்' என்னும் வலையமைப்பை அவ்வாண்டில் நிறுவியது. அதன் கணுக்களில் நின்று செய்திப் பொதிகளை வழியனுப்பும் பொறிகளுக்கு 'இம்ப்' என்று பெயர். அவற்றைச் செய்து தந்தது, மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த போல்ட், பெரானக், நியூமன் என்னும் நிறுவனம். முதல் நான்கு இம்ப்களும் நாட்டின் மேற்குப் பகுதியில் அமைந்தன: மூன்று கலிபோர்னியாவில், ஒன்று யூட்டாவில். செய்தவர்களோ கிழக்குக் கரையில் இருந்தனர். இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். பொறி பழுதுற்றால் யார் பார்ப்பது? அது இருந்த பல்கலைக்கழகங்களில் அதன் உள்ளமைப்பை அறிந்தவர் எவரும் இலர். விமானத்தில் ஆளை அனுப்பினால் ஒரு நாள் போய்விடும்.

ஃபிராங்க் ஹார்ட் என்பவர் தலைமையில் வேலை செய்த அச்சிறு குழுவினர், இந்தத் தொல்லையிலிருந்தே ஒரு வழியைக் கண்டனர். இம்ப் தன் உடல்நிலையைத் தானே எழுதித் தெரிவிக்க வேண்டும்! 1970-இல் நாட்டின் குறுக்கே கம்பிவழி இணைப்பு வந்து, கேம்பிரிட்ஜிலேயே ஓர் இம்ப் நிறுவப்பட்டது. அதன்பின் ஒவ்வோர் இம்ப்பும் குறித்த கால இடைவெளியில் ஓர் அறிக்கையைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பலாயிற்று. என் கம்பிகளுள் எது உயிரோடு இருக்கிறது, எது அறுந்தது, எத்தனை பொதிகள் என் வழியே சென்றன என்பனவே அவ்வறிக்கையின் செய்திகள். அதைப் பெற்றுத் தொகுக்கும் இடமே வலையமைப்புக் கட்டுப்பாட்டு நிலையம். அதனைப் பொறுப்பேற்று வளர்த்தவர் அலெக்ஸ் மெக்கன்சி. அங்கே முதலில் கண்ணாடித் திரை இல்லை. தட்டச்சுப் பொறியே தாளில் தடதடவென்று அடித்துத் தள்ளிற்று.

இதிலே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அறிக்கை வந்தால் அது செய்தி. அறிக்கை வராமற் போனால் அதுவும் செய்தியே. இறந்தவன் கடிதம் எழுதமாட்டான். ஆனால் மாதந்தோறும் எழுதியவனிடமிருந்து கடிதம் நின்றுவிட்டால், வீட்டார் விசாரிக்கப் புறப்படுவார்கள் அல்லவா? அங்ஙனமே கேம்பிரிட்ஜில் இருந்தவர்கள், தொலைதூரத்தில் ஒரு கம்பி பழுதுற்றதை உடனே அறிந்து, தொலைபேசிக் கம்பெனியாரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கம்பி எங்கள் ஊரில் ஓடுகிறது, பழுதை எங்கோ இருக்கும் நீங்கள் எப்படிக் கூறுகிறீர்கள் என்று கம்பெனியார் திகைத்தார்களாம். திகைப்பு நியாயமானதே. தம் கம்பியைப் பற்றித் தமக்குத் தெரியாததை வாடிக்கைக்காரர் சொன்னால் யாருக்குத்தான் வியப்பு எழாது!

பத்தாண்டுகள் இவ்வாறு சென்றன. 1980 அக்டோபர் 27-ஆம் நாள் ஒரு விந்தை நிகழ்ந்தது. அர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் பயனற்றுப் போயிற்று. காரணத்தை எரிக் ரோசன் என்பவர் மறு ஆண்டு விரிவாக எழுதி வைத்தார். வலையமைப்பு இயலைக் கற்க விரும்பும் மாணவர் எவரும் அதனைப் படித்தல் வேண்டும் என்பது என் கருத்து.

அக்காலத்தில் ஒவ்வோர் இம்ப்பும் தன் கம்பிகளில் எவ்வளவு தாமதம் இருக்கிறது என்று அளந்து, அந்த அளவை மற்ற இம்ப்கள் எல்லாவற்றுக்கும் பரப்பி வந்தது. வந்த இரண்டு அறிக்கைகளுள் எது புதியது, எது பழையது என்று அறிய, 0 முதல் 63 வரை வரிசை எண் இடுவார்கள். 63-க்குப் பின் மீண்டும் 0 வரும். அதாவது, 64 பிரிவுகள் கொண்ட ஒரு கடிகாரத்தைப் போன்றது அது. வட்டத்தில் பாதிக்குள் முன்னே நிற்கும் எண் புதியது என்பது விதி. அன்று ஒரு பொறியின் வன்பொருட் கோளாற்றால், 50-ஆம் எண் இம்ப்பின் அறிக்கை ஒன்றிலிருந்து பிட்டுகள் உதிர்ந்தன. 44 என்னும் எண் இரும எழுத்தில் 101100. அதில் ஒரு 1 உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னும் ஒன்று உதிர்ந்தால் 001000, அதாவது 8. ஆக 8, 40, 44 என்று மூன்று எண்களோடு மூன்று அறிக்கைகள் உலவலாயின. விதிப்படி பார்த்தால் 40 என்பது 8-ஐவிடப் புதியது. 44 என்பது 40-ஐவிடப் புதியது. வட்டமாயிற்றே, 8 என்பது 44-ஐவிடப் புதியது! மூன்றுக்கும் முடிவில்லை. ஒவ்வொன்றையும் புதிதென்று ஏற்று, ஒவ்வோர் இம்ப்பும் அண்டை இம்ப்களுக்குப் பரப்பிற்று. இத்தகைய அறிக்கைகளுக்கு மற்றெல்லாப் பொதிகளையும்விட முன்னுரிமை அளிக்கப்பட்டிருந்தபடியால், அவை வலையை அடைத்துக்கொண்டன. உண்மையான செய்திகள் நகர வழியில்லை.

வலையின் நலத்தை அறிவதற்காக வைத்த அளவை, வலையையே முடக்கிவிட்டது. நிலையத்தார் சில இம்ப்களின் நினைவகத்தைப் படியெடுத்துப் பார்த்து, 50, 50, 50 என்று அதே பெயர் வரிசையாக நிற்பதைக் கண்டனர். பின்னர், 50-ஆம் எண்ணின் அறிக்கையைப் புறக்கணி என்று ஒவ்வோர் இம்ப்புக்கும் ஒரு திருத்தம் இட்டு வலையை மீட்டனர். எந்தத் தனிப் பொறியை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. அணைந்தது எழுந்தவுடன் அண்டைப் பொறி அதே மூன்று அறிக்கைகளையும் மீண்டும் ஊட்டிவிடும்.

இதன்பின் வந்த சில கண்டுபிடிப்புகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது போல, ஒரு பொதியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை இது அளக்கும். 1987-இல் வான் ஜேக்கப்சன், பொதி கடந்து செல்லும் கணுக்களை ஒவ்வொன்றாகக் காட்டும் 'டிரேஸ்ரூட்' நிரலைச் செய்தார். 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்னும் பொது நெறிமுறை வெளியாயிற்று. எந்தக் கம்பெனியார் செய்த பொறியாயினும் ஒரே முறையில் கேள்வி கேட்டு விடை பெறுவதற்கு அது வழி வகுத்தது.

1994-இல் டோபியாஸ் ஊட்டிக்கர் என்னும் இளைஞர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு வெளியுலகத் தொடர்பு 64 கிலோபிட் கம்பி ஒன்றே. புதுக் கம்பி வர மேலும் ஓராண்டு ஆகும். கம்பியைப் பெருக்க முடியாவிட்டாலும், அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையாவது மக்களுக்குக் காட்டலாமே என்று அவர் எண்ணினார். அதற்காக எழுதிய நிரலே 'எம்.ஆர்.டி.ஜி.'. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, படமாக வரைந்து காட்டும். உலகெங்கும் அலுவலகங்களில் அந்தப் பச்சை மலையும் நீலக் கோடும் விளங்கின. என் கண்ணுக்குள் அவை இன்னும் இருக்கின்றன.

அந்தப் படத்தை நம்பி நான் செய்த பிழையையும் கூற வேண்டும். நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு மலைப்பாங்கான ஓர் ஊரிலும் கிளை உண்டு. ஒரு மாதத்தின் முதல் நாள். அக்கிளை அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். "கம்பி நிற்கிறது, போகிறது, முதியோர் வரிசையில் நிற்கிறார்கள்" என்றார். நான் பலகையைப் பார்த்தேன். கம்பியில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. "உங்கள் கிளை இங்கே பச்சையாகத்தான் இருக்கிறது, ஐயா" என்றேன். "பச்சை அங்கேதான் தம்பி இருக்கிறது. ஒரு பெரியவர் காலையிலிருந்து இரண்டு முறை வந்து திரும்பிப் போய்விட்டார்" என்று அவர் கூறினார். அவர் கோபங்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கணக்கு இதுதான். முப்பது வினாடி கம்பி முழுவதும் நிரம்பிப் பொதிகள் கொட்டிப் போகின்றன என்று கொள்வோம். எஞ்சிய 270 வினாடிகளில் பத்தில் ஒரு பங்கே ஓடுகிறது. ஐந்து நிமிடச் சராசரி 19 விழுக்காடு! பலகை பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே அது தந்தது, கேள்விதான் தவறு. மேலும், அந்நிரல் பழைய அளவுகளை வார, மாத, ஆண்டுப் படங்களில் மேன்மேலும் சராசரியாக்கிவிடும். அந்த முதியவர் நின்ற முப்பது வினாடிகளை ஆண்டுப் படத்தில் தேடுவார் எவரும் காணார்.

இனி, மேகக் கணினிக் காலத்துக்கு வருவோம். 2006-இல், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியிலிருந்து 'மெராக்கி' என்னும் கம்பெனி பிறந்தது. 2012-இல் சிஸ்கோ அதனை வாங்கிற்று. கிளைகளில் பொறி இருக்கும். அவற்றை ஆளும் நிரலும் பலகையும் கம்பெனியின் கணினிக் கூடத்தில் இருக்கும். எந்த ஊரிலிருந்தும் இணையத்தின் வழியே பார்க்கலாம் என்பதே அதன் முறை. பின்னர் வந்த மென்பொருள் வழி விரிபரப்பு வலையமைப்புகளில், ஒரு கிளைக்கு இரண்டு மூன்று கம்பிகள் இருக்கும். கிளைப் பொறி ஒவ்வொரு கம்பியிலும் சிறு சோதனைப் பொதிகளை இடைவிடாது அனுப்பி, தாமதம், தாமத ஏற்றத்தாழ்வு, இழப்பு ஆகிய மூன்றையும் அளக்கும். பேச்சொலிக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒரு கம்பி அதனைத் தாண்டினால், பேச்சைப் பொறியே மற்றொரு கம்பிக்கு மாற்றிவிடும். மலையூர் அலுவலர் இன்று என்னை அழைக்க வேண்டியதில்லை. இது பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பலகையே மேகத்தில் இருந்தால், மேகத்துக்கு நோய் வரும்போது யாது செய்வது? புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது என்று வையுங்கள். கிளை வீழ்ந்ததா, அல்லது கிளையிலிருந்து மேகத்துக்குச் செல்லும் வழி மட்டும் வீழ்ந்ததா? நல்ல அமைப்புகளில், மேகத் தொடர்பு அறுந்தாலும் கிளைப் பொறி கடைசியாகப் பெற்ற ஆணைப்படி பொதிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது வேலை நடக்கும். நமக்குக் கண் மட்டும் தெரியாது.

2017 பிப்ரவரி 28-ஆம் நாள், அமேசானின் வட வர்ஜீனியக் கணினிக் கூடத்தில், பணியாளர் ஒருவர் சில கணினிகளை மட்டும் விலக்க இட்ட கட்டளை, பிழையால் மிகப் பலவற்றை விலக்கிவிட்டது. எஸ்3 என்னும் சேமிப்புப் பணி சில மணி நேரம் முடங்கிற்று. அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டிய நிலைப்பலகையை மாற்ற முடியவில்லை. பலகையை இயக்கும் நிரலே அதே எஸ்3-ஐ நம்பியிருந்தது! வீடு எரிய, வாயிற்பலகையில் 'நலம்' என்று எழுதியிருந்தது போல ஆயிற்று. கம்பெனியார் இதை ஒளிக்காமல் தம் அறிக்கையில் எழுதினர். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

2021 அக்டோபர் 4-ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் பெரிது. ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மதிப்பிடுவதற்காக ஒரு கட்டளை இடப்பட்டது. அக்கட்டளை எல்லா இணைப்புகளையும் வீழ்த்திற்று. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கை நிரலில் வழு இருந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகத்தில் இல்லை. பழுதைப் பார்க்கும் கருவிகளும் அதே வலையில் இருந்தன; ஆபத்துக்கென்று வைத்த தனி வழியும் உதவவில்லை. பொறியாளர்கள் நேரே கணினிக் கூடங்களுக்குச் சென்றனர். அங்கே திருடரைத் தடுக்க வைத்த கடுங்காவல் அவர்களையும் தாமதப்படுத்திற்று. 1980-இல் தாமதத்தை அளக்கப் போய் அர்ப்பாநெட் முடங்கியதையும் இதனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடையே 41 ஆண்டுகள்!

என் அலுவலகத்தில் பெருந்திரையின் ஓரத்தில் ஒரு அட்டை தொங்கும். எல்லாக் கிளைகளின் தொலைபேசி எண்களும் அதில் மையால் எழுதப்பட்டிருக்கும். புதிதாக வந்த இளைஞர் ஒருவர், "இதைக் கணினியில் வைத்தால் போதாதா, ஐயா?" என்று கேட்டார். நான் 2017-ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்க்கிறேன், அட்டையில் மலையூர்க் கிளையின் எண் அழிந்துபோயிருந்த இடத்தில், அவர் கையெழுத்தில் புது எண் இருந்தது.